பார்ட் நம்பர் பொறிக்க லேசர் வாங்கலாமா?

கேள்வி: சிறிய மெஷினிங் பட்டறை வைத்திருக்கிறேன். அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகங்கள் மாதம் நூறு போகும். எண் பஞ்ச் (எண், எழுத்து செதுக்கிய எஃகு அச்சு) வைத்து சுத்தியலால் அடித்துத்தான் பார்ட் நம்பர் போடுகிறோம். கோணலாக விழுகிறது என்று வாடிக்கையாளர் குறை சொல்கிறார். லேசர் மெஷின் வாங்கலாமா?

பதில்: கோணல் மட்டுமல்ல, பஞ்ச் அடிப்பதில் இன்னொரு குறையும் உண்டு. அடித்த எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஓரத்தில் தட்டும். குழியிலிருந்து ஒதுங்கிய உலோகம் அங்கே மேடாக நிற்கிறது. அந்த முகம் இன்னொரு பாகத்தின் மேல் உட்கார வேண்டியது என்றால் சரியாக உட்காராது.

ஆனாலும் மாதம் நூறு பாகத்துக்கு லேசர் அவசரமில்லை. சி.என்.சி. மில் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்) இருந்தால், பாகத்தைக் கழற்றுவதற்கு முன் அதிலேயே வி முனை கட்டரால் எழுதிவிடலாம். இடம் பிசகாது. 0.1, 0.2 மி.மீ. ஆழம் போதும். 90 டிகிரி முனையில் கோட்டின் அகலம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால் முகம் 0.1 மி.மீ. ஏறி இறங்கினாலும் கோடு 0.2 மி.மீ. தடித்தோ மெலிந்தோ போகும். ஓரிடத்தில் எழுத்தே விழாமலும் போகலாம். வார்ப்புப் பாகங்களுக்கு ஸ்பிரிங் வைத்த டூல் வாங்குங்கள், மேடு பள்ளத்தோடு அதுவும் ஏறி இறங்கும். ஒற்றைக் கோட்டு எழுத்துருவாக (எழுத்தின் இரு ஓரத்தையும் வரையாமல் ஒரே கோடாக எழுதுவது) பார்த்துத் தேர்ந்தெடுங்கள், நேரம் பாதியாகும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் தனி சீரியல் நம்பரோ சின்ன டேட்டா மேட்ரிக்ஸ் கட்டமோ (கியூ.ஆர். கோடு போன்ற சதுரக் குறி) கேட்டால், அப்போது லேசர் சரி. ஃபைபர் லேசராகவே வாங்குங்கள். மரம், அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர் மேல்பூச்சில்லாத உலோகத்தில் சரியாகப் பதியாது.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பாகங்களையே கொடுத்து மார்க் செய்து வாங்குங்கள். விற்பவர் காட்டும் பளபள தகட்டை நம்ப வேண்டாம். அலுமினியத்தை அனோடைசிங்குக்கு (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றுவது) அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் மேலோட்டமாகப் போட்ட எழுத்து காரக் குளியலில் மங்கிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் வரும் கருப்பு எழுத்து, சூட்டில் உண்டாகும் ஆக்சைடு. சூடு மிஞ்சினால் அந்த இடத்திலேயே துரு பிடிக்கும். சில நாள் ஈரத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், மூடிய பெட்டியோடு வரும் மெஷினையே எடுங்கள். இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, உலோகத்தில் பட்டுத் தெறித்தாலே பார்வை போய்விடும். திறந்த மெஷின்தான் கிடைத்தது என்றால், அறையில் நிற்கும் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். அதில் அச்சிட்ட அலைநீள வரம்புக்குள் ஃபைபர் லேசரின் அலைநீளமான 1064 நானோமீட்டர் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.