நாலு மைக் இருந்தும் டப்பா சத்தம்!

கேள்வி: எங்க குறும்படத்தைப் பத்தி லோக்கல் கேபிள் சேனலுக்குப் பேட்டி எடுத்தோமுங்க. இயக்குநர், கேமராமேன், நடிகருங்க ரெண்டு பேரு, நாலு பேரும் ஒரே சோபா. ஆளுக்கொரு காலர் மைக் மாட்டியும் பேச்சு டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குதுங்க. மைக் கோளாறுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மைக் மேல் பழி போடாதீர்கள், கோளாறு சோபாவில். ஒருவர் குரல் அவர் மைக்கிலும் விழுகிறது, கொஞ்சம் பிந்திப் பக்கத்து ஆள் மைக்கிலும் விழுகிறது. 34 செ.மீ. கடக்க ஒலிக்கு ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தோடு இரண்டும் கலந்தால் சில அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். டப்பா சத்தம் அதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளியிருக்க வேண்டும். மோவாய்க்குக் கீழே ஒரு சாண், 20 செ.மீ. என்று வைத்தால், அடுத்தது 60 செ.மீ. தள்ளி. இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அது நடக்காது. தனித்தனி நாற்காலியை லேசான அரைவட்டமாகப் போடுங்கள்.

எடுத்ததைக் காப்பாற்ற முடியுமா? நாலு மைக்கும் தனித்தனி டிராக்கில், அதாவது தனித்தனி ஒலிப்பதிவாகப் பதிவாகியிருந்தால் முடியும். பேசுபவர் டிராக்கை விட்டுவிட்டு மற்றதை 12 டெசிபல் இறக்குங்கள். அடியோடு அணைத்தால் அறையின் இரைச்சல் வெட்டி வெட்டி வரும். ஒரே டிராக்கில் கலந்துவிட்டதென்றால் மறுபடி எடுப்பதுதான் மிச்சம்.

அப்போது டைல்ஸ் தரையில் பவானி ஜமக்காளம் விரித்து, கேமராவுக்குப் பின்சுவரில் இன்னொன்றைத் தொங்கவிடுங்கள், எதிரொலி அடங்கும். நடிகையின் பட்டுச்சேலையும் செயினும் மைக்கில் உரசாதபடி, வயரை உள்பக்கமாக ஒரு வளையம் விட்டு டேப் ஒட்டுங்கள். எல்லோரும் வாயை மூடி 30 விநாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவதும் முக்கியம். வெட்டிய இடங்களை ஒட்ட எடிட்டர் அதைத்தான் தேடுவார்.

கேள்வி: பக்கத்துல தறி குடோனுங்க. சத்தத்தை எடிட்டிங்ல எடுத்துரலாமுங்களா?
- வாசகர், சோமனூர்

பதில்: ஃபேன் இரைச்சல் ஒரே சீரானது, மென்பொருள் ஓரளவு கழித்துவிடும். தறியில் நாடா (ஷட்டில்) அடிக்கும் ஒவ்வொரு அடியும் பேச்சோடு பேச்சாக விழும். கழித்தால் குரலும் சேர்ந்து கரகரக்கும். தறி நிற்கும் நேரம் கேட்டு எடுங்கள்.

கேள்வி: ட்யூப்லைட் வெளிச்சத்துல படத்துல கறுப்புப் பட்டை ஓடுதுங்க?
- வாசகர், பல்லடம்

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். அதோடு ஒத்துப்போகும்படி, விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 விநாடி என்று வையுங்கள், வெளிச்சம் அதிகமென்றால் 1/100. சில கேமராக்கள் வரும்போதே 1/60-ல் இருக்கும், அதைப் பாருங்கள்.