தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டில் குரல் பதிவு பூத் கட்ட முடியுமா? முட்டை அட்டை போதுமா?

கேள்வியின் சுருக்கம்: சேலம் அம்மாபேட்டையில் முதல் மாடி, 10×11 அடி அறை, இரண்டு வீடு தள்ளி விசைத்தறி. ஒலிநூல் பதிவுக்கு பூத் வேண்டும். சுவரில் முட்டை அட்டையோ ஃபோமோ ஒட்டினால் சத்தம் நிற்குமா?

நிற்காது. அட்டையும் ஃபோமும் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தை மறிக்க எடை வேண்டும், இடுக்கு கூடாது. இரண்டில் இடுக்குதான் பெரிய எதிரி. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கும் கருங்கல்லாக இருந்தாலும் ஏறக்குறைய 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது.

முதலில் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். தறி ஓடும் நேரத்தில் ஜன்னலை அடைத்து, காதைச் சுவரோடும் பிறகு தரையோடும் ஒட்டி வைத்துக் கேளுங்கள். 'தடக் தடக்' என்று அடி கேட்டால் அதிர்வு கட்டடத்தின் வழியே ஏறுகிறது. அப்படியானால் பூத்தின் தரையை மிதக்க விட்டாக வேண்டும், அதாவது அறைத் தரையில் நேராகப் படாமல் ரப்பர் துண்டுகள் மேல் நிறுத்த வேண்டும். கேட்கவில்லை என்றால் ஜன்னலும் வென்டிலேட்டரும்தான் வழி. 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும். பலவீனம் 4 மி.மீ. கண்ணாடி. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றாக்கி, ஓரத்தில் ரப்பர் வைத்து ஜன்னலை மூடிவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். சிலருக்கு இத்தோடு பாதி வேலை முடிந்துவிடும்.

பூத்துக்கு வெளி அளவு 5 அடி 6 அங்குலம் × 6 அடி 9 அங்குலம், உயரம் 7 அடி 9 அங்குலம் வையுங்கள். நீளமும் அகலமும் சமமாக வேண்டாம். ஒன்று மற்றொன்றின் இரு மடங்காகவும் வேண்டாம். 5 அடி இடைவெளியில் 113 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வு எழும், அதாவது அந்த ஒலி மட்டும் பெருகிக் கேட்கும். ஆண் குரலின் அடிநாதம் சரியாக அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் 5 அடியாக இருந்தால் அது இரட்டிப்பாகி, டிரம்முக்குள் பேசுவது போல ஆகிவிடும்.

சட்டம் 3×2 அங்குல மரம், 2 அடிக்கு ஒன்று. வெளிப்பக்கம் மட்டும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. 8×4 அடி ஷீட், சேதாரம் சேர்த்து 15 ஆகும். உட்பக்கம் போர்டே வேண்டாம். சட்ட இடைவெளியில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) 75 மி.மீ. நிரப்பி, துணி போர்த்துங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 48 கிலோ. உள்ளேயும் போர்டு அடித்தால் அறைச் சுவரோடு சேர்ந்து மூன்று தகடாகும். தாழ்ந்த சத்தத்தில் அது உதவுவதை விடக் கெடுப்பதுதான் அதிகம். இடமும் போகும்.

இரண்டாம் அடுக்கின் இணைப்பு முதல் அடுக்கின் இணைப்பு மேல் விழக்கூடாது. ஓரங்களில் 3 மி.மீ. விட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் அக்ரிலிக் சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை) நிரப்புங்கள். மூலையில் வைக்கும்போது இரண்டு பக்கமும் அறைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி இருக்கட்டும். அந்தச் சந்தில் கை போகாது என்பதை ஆசாரி சுவர் நிறுத்திய பிறகுதான் கண்டுபிடிப்பார்! ஆகவே அந்த இரண்டு சுவருக்கும் தரையில் படுக்க வைத்தே போர்டு அடித்து, சீலன்ட் பூசி, பிறகு நிமிர்த்த வேண்டும். பெரியது 90 கிலோ தாண்டும், நான்கு பேர் தேவை. எங்காவது ஓர் ஆணி அறைச் சுவரைத் தொட்டாலும் அதிர்வு அந்த வழியே நுழையும்.

தரைக்கு 19 மி.மீ. பிளைவுட் இரண்டு, மரச் சட்டத்தின் மேல். அடியில் 5×5 செ.மீ., 25 மி.மீ. தடிமன், 40 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் எண்) கடினத்தில் ரப்பர் துண்டுகள் 12: பத்து ஓரத்தில், இரண்டு நடுவில். சுமை ஏறியதும் 2 முதல் 3 மி.மீ. அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் துண்டுகள் கூடுதல், அல்லது ரப்பர் கல் போல இருக்கிறது. நிறையத் துண்டு வைத்தால் நல்லது என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தப்பு.

எடையைக் கணக்குப் பாருங்கள். எல்லாம் சேர்த்து 630 கிலோ, ஆள், நாற்காலி, மைக் ஸ்டாண்டோடு 720. பூத் நிற்கும் இடம் 3.4 சதுர மீட்டர். அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 210 கிலோ. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரத்தில் கணக்கில் எடுக்கும் சுமை 200. ஆகவே அறையின் நடுவில் வேண்டாம், பீமை ஒட்டிய மூலையில் வையுங்கள். பழைய வீடு என்றால் பொறியாளர் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

கதவுக்கு 35 மி.மீ. கெட்டி ஃப்ளஷ் கதவு, நான்கு கீல், வெளியே திறக்கும்படி. கீழே ஓர் அங்குல உயரத்தில் வாசற்படி வைத்தால் நான்கு பக்கமும் ஈ.பி.டி.எம். ரப்பர் (கதவு இடுக்கை அடைக்கும் பட்டை) ஓடும். படி தடுக்கும் என்று சமமாக விட்டால் அந்த அடி இடுக்கு ஒன்றே பூத்தைத் தோற்கடித்துவிடும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாத பூத் கால் மணி நேரம் தாங்காது. ஓர் ஆள் 100 வாட் அளவு வெப்பம் விடுகிறார். அறையை விட 3 டிகிரிக்கு மேல் ஏறாமலிருக்க நிமிடத்துக்கு 60 கன அடி காற்று வேண்டும். 6 அங்குலக் குழாயில் அது நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அமைதியாகப் போகும். 4 அங்குலத்தில் 3.5 மீட்டர், மைக்கில் 'ஸ்ஸ்' கேட்கும். உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனிப் பெட்டி: 18 மி.மீ. பிளைவுட், உள்ளே மூன்று திருப்பம், 25 மி.மீ. ராக்வூல் பூச்சு, எந்த இடத்திலும் வழி 40 சதுர அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மின்விசிறி வெளியேறும் பெட்டியின் வெளிமுனையில். ஏசி அறைக்குத்தான், பூத்துக்கு இல்லை.

ராக்வூல் மேல் போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று எளிதாகப் போனால் சரி. ராக்வூல் தூசு மைக்கிலும் தொண்டையிலும் விழாமல் உள்ளே மெல்லிய பாலியெஸ்டர் துணி ஒன்று. எல்லாப் பக்கமும் துணியாகவே விட்டால் மேல் ஸ்தாயி செத்து, அடி ஸ்தாயி மட்டும் முழங்கும். பேசுபவருக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் ஓர் அடி அகலத்துக்கு ராக்வூலைத் தரை முதல் கூரை வரை அடுக்குங்கள். ஒரு பக்கச் சுவரில் 2 அங்குல ரீப்பரை (மெல்லிய மரப் பட்டி) விட்டு விட்டு அடியுங்கள்.

முடிந்ததும் இரவில் உள்ளே டார்ச் எரியவிட்டு வெளியிலிருந்து வெளிச்சக் கசிவைத் தேடுங்கள். அடுத்து, குரலின் சராசரி -20 டெசிபெல் வரும்படி கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைத்து, தறி ஓடும்போது ஒரு நிமிடம் பேசாமல் பதியுங்கள். ஒலிநூலுக்குப் பின்னணி -60க்குக் கீழே இருக்க வேண்டும். 'ஸ்ஸ்' மிஞ்சினால் கதவு ரப்பரையும் குழாயையும் பாருங்கள். 'தும் தும்' மிஞ்சினால் பூத் எங்கோ சுவரைத் தொடுகிறது, அல்லது ரப்பர் வேலை செய்யவில்லை. இரண்டும் சரியாக இருந்தும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் முனகும். இந்த எடையில் அதை நிறுத்த முடியாது, தாழ்ந்த ஒலியை நீக்கும் ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள்.

இதே பூத்தை ஏற்காட்டில் கட்டுபவர்கள் ஜிப்சத்தில் ஈரம் தாங்கும் வகையை வாங்குங்கள். பனிமூட்ட நாட்களில் மைக்கை பூத்திலேயே விடாமல் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.