மெக்கானிக்கல் முடித்தவர் வாகன வடிவமைப்பில் முதுகலை படித்தால் கார் டிசைனர் ஆகிவிடலாமா?

ஆகலாம். ஆனால் வெள்ளைத்தாளில் முழுக் காரையும் வரைந்து நீட்டிவிட்டுப் போகிற ஆளைத்தான் கார் டிசைனர் என்று நீங்கள் நினைத்திருந்தால், அப்படி ஒருவரை நான் எந்த ஸ்டுடியோவிலும் பார்த்ததில்லை. நானும் மெக்கானிக்கல்தான். உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டில் இரண்டு வருடம் தேய்ந்துவிட்டு எம்.டெஸ் என்கிற டிசைன் முதுகலையில் சேர்ந்தவன். வேலைக்கு வந்து இது ஒன்பதாவது வருடம். என் கை பட்டு சாலையில் ஓடுவது ஒரு வேனின் டேஷ்போர்டு, இரண்டு பின்விளக்கு, ஒரு கதவுக் கைப்பிடி. அவ்வளவுதான்.

சொந்த ஊர் கரூர். பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர். எங்கள் மாமா ஒரு பட்டறையில் இருந்தார். மேலே ஒன்றுமே இல்லாத வெறும் சேசிஸை, தலையில் துண்டு கட்டிய டிரைவர் வெயிலில் ஓட்டிவந்து நிறுத்துவார். மாமா முன்முகப்பின் வளைவைத் தரையில் சாக்பீஸால் போடுவார், வளைத்த பைப்பை அதன்மேல் வைப்பார், நாலடி தள்ளிப்போய் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "வயிறு தள்ளுது" என்று காலாலேயே அழித்துவிட்டு மறுபடி போடுவார்.

எம்.டெஸ் முதல் வருடத்தில் சுவர் நீளத்துக்குத் தாள் ஒட்டி, கறுப்பு டேப்பை இழுத்து இழுத்து ஒட்டி, காரின் பக்கவாட்டுக் கோட்டை முழு அளவில் எடுக்கச் சொன்னார்கள். ஒட்டு, தள்ளி நின்று பார், பிய். மாமா செய்ததேதான், என்ன, இங்கே ஏசி உண்டு.

அடுத்து களிமண். மாடலுக்கான களிமண்ணை ஓவனில் சூடாக்கி, நுரைக்கட்டையின் மேல் அப்பி, ஆறியதும் சீவ வேண்டும். என் முதல் மாடல் வழுவழுவென்று இருப்பதாக நினைத்துப் பெருமையாக நின்றேன். ஆசிரியர் அதன்மேல் பளபளப்பு ஃபிலிமை ஒட்டி டியூப்லைட்டுக்குக் கீழே தள்ளினார். கதவின் நடுவில் விளக்கின் பிம்பம் பாம்பு மாதிரி நெளிந்தது. கண்ணுக்குத் தெரியாத, விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற ஒரு மேடு. கணினியில் ஏலியாஸ் மென்பொருளில் காரின் மேற்பரப்பை உருவாக்குகிறவர்களும் நாள் முழுக்க இந்த நெளிவைத்தான் துரத்துகிறார்கள். மெக்கானிக்கல் ஆட்களுக்கு இந்த வேலை நன்றாகப் பொருந்தும். ஓவியக் கை சுமாராக இருந்த என் வகுப்புத் தோழர்கள் சிலர் இதில்தான் நிலைத்தார்கள். ஸ்கெட்ச் போடும் நாற்காலிகள் எப்போதும் குறைவு. பரப்பு, உட்புறம், நிறமும் துணியும் தேர்ந்தெடுப்பது, திரைக்கான இடைமுகம் என்று மற்ற மேசைகள்தான் அதிகம்.

வேலை கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த டிசைன்களைத் தொகுத்து வைத்திருந்த என் போர்ட்ஃபோலியோவில் பாதிக்குமேல் ஸ்போர்ட்ஸ் கார். முதல் இரண்டு நேர்காணலிலும் அவற்றைச் சீட்டுக்கட்டு போலப் புரட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பக்கத்தில் நின்றார்கள். அது டவுன் பஸ் படிக்கட்டு. எங்கள் அம்மாயி ஒரு கையில் சேலைக் கொசுவத்தையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டு ஏறும்போது கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அதை வைத்து நான் செய்த ப்ராஜெக்ட். நம் நாட்டு நகரப் பேருந்துகளின் தரை 900, 650, 400 மில்லிமீட்டர் என்று மூன்று உயரங்களில் வருகிறது. 900-லிருந்து 400-க்கு இறக்கினால் இன்ஜின், ஆக்சில், சக்கரமேடு, சீட் எல்லாமே இடம் மாற வேண்டும். அதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினோம். ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

பெரிய இடத்துக்குப் போனவர்கள் உண்டா என்றால், உண்டு. ராம்கிருபா அனந்தன் பிட்ஸ் பிலானியில் பொறியியல் முடித்து, ஐஐடி பாம்பேயின் டிசைன் பள்ளியான ஐடிசி-யில் படித்தவர். மஹிந்திராவில் உட்புற வடிவமைப்பில் தொடங்கி, 2011-ல் வந்த எக்ஸ்யூவி500-ன் டிசைனுக்குத் தலைமை ஏற்றார். உங்கள் பாதைக்கு நெருக்கமானவர் அவர். பீட்டர் ஷ்ரயர் என்ற ஜெர்மன் டிசைனரை ஆடி கார் கம்பெனி தன் செலவில் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்கு அனுப்பியது. பிறகு அவர் கியாவுக்குப் போய் அங்கே பிரசிடென்ட்களில் ஒருவராகவே ஆனார். ஆனால் இவர்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு கல்விக்கடன் வாங்காதீர்கள். கிரிக்கெட் பயிற்சிக்குச் சேரும்போது தோனியை வைத்துக் கணக்குப் போடுகிற மாதிரி ஆகிவிடும்.

சேரும் வழி: ஐஐடி-களுக்கு சீட் (CEED) என்கிற டிசைன் நுழைவுத்தேர்வு. ஜனவரியில் நடக்கும், இறுதியாண்டு படிப்பவர்களும் எழுதலாம். இரண்டாம் பகுதியில் கையால் வரைய வேண்டும், மெக்கானிக்கல் ஆட்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். தேசிய வடிவமைப்புக் கழகமான என்ஐடி-க்கு (NID) தனி நுழைவுத்தேர்வு. அங்கே படிப்பு இரண்டரை வருடம், ஐஐடி-யில் இரண்டு. வெளிநாடு என்றால் ஸ்வீடனின் உமியா, ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் இரண்டும் பார்க்கத் தகுந்தவை. இரண்டுமே போர்ட்ஃபோலியோவை வைத்துத்தான் எடைபோடும்.

தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருந்தால் கோச்சிங் கட்டணத்தை யோசிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்காருங்கள். ஏறுகிறவர்களின் கைகளை மட்டும் வரையுங்கள். முதல் ஐம்பது கேவலமாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, அந்த நோட்டை இன்னும் யாரிடமும் காட்டவில்லை.