புல்தரையில் பூஞ்சை: மழைக்காலக் கேள்விகளுக்குப் பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வீட்டு லானைப் பற்றித்தான் அதிகம் கேள்விகள் வருகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொரியன் புல் போட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு வட்ட வட்டமாகப் பழுப்பாகிறது. நர்சரியில் கொடுத்த கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிப் பவுடரை இரண்டு முறை தெளித்தும் பச்சை திரும்பவில்லை. மருந்து போலியா? (தாம்பரம் வாசகி)

போலி என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. செத்த இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது. நல்ல புல்லுக்கு நோய் பரவாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் வட்டத்தின் நடுவைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் நான்கு குச்சி நட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் பழுப்பு குச்சியைத் தாண்டவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது. நடுப்பகுதியைப் பக்கத்துக் கொடிகள் ஓடி வந்து மூடும், ஆனால் கொரியன் புல் மெதுவாக வளர்வது, பொறுமை வேண்டும்.

குச்சியைத் தாண்டினால், ஓரத்துப் புல்லை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். அடி அழுகி இலை மட்டும் சுலபமாகக் கையோடு வந்தால் அது ரைசோக்டோனியா பூஞ்சை. வேரே இல்லாமல் புல் பாய் மாதிரி சுருண்டு வந்தால் அது நோயே அல்ல. மண்ணைக் கிளறினால் வெள்ளை வேர்ப்புழு வளைந்து படுத்திருக்கும். அதற்குப் பூஞ்சை மருந்து அடிப்பது வீண்.

பூஞ்சைதான் என்றால் முதலில் யூரியாவை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் தழைச்சத்து ஏறிய இளம் புல்லை இந்தப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அப்புறம் கார்பென்டாசிமையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும். அடுத்த முறை ப்ராபிகோனசோல் போன்ற வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். லேபிளில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். மழை விட்ட நாளில், கையுறையும் முகமூடியும் போட்டுத் தெளியுங்கள். புல் காயும் வரை குழந்தைகளை அங்கே விடாதீர்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் புல் ஒரே ராத்திரியில் எண்ணெய் தடவியதுபோல் கருத்துப் படுத்துவிட்டது. (வேளச்சேரி வாசகர்)

இது பித்தியம். பூஞ்சையைப் போலத் தெரிந்தாலும் வேறு இனம், கார்பென்டாசிம் இதைத் தொடவே தொடாது. மெட்டலாக்சிலும் மாங்கோசெப்பும் கலந்து விற்கும் மருந்துதான் கேட்கும். பொதுவாக லிட்டருக்கு 2 கிராம். ஆனால் தண்ணீர் வடிய வழி செய்யாமல் மருந்துக்குச் செலவழிக்காதீர்கள், அடுத்த மழைக்கே திரும்ப வரும். ஈரப் புல்லில் மெஷின் ஓட்டக் கூடாது; சக்கரமும் பிளேடும் நோயை லான் முழுக்கக் கொண்டுபோகும்.

பெர்முடா புல்லில் நாணய அளவில் வெளிறிய புள்ளிகள். காலையில் சிலந்தி வலை போல் வெள்ளையாக இருக்கிறது. (கோவை வாசகர்)

பனி காய்ந்ததும் அந்த வலை மறைகிறதா? அப்படியானால் அது பூஞ்சை இழை. சிலந்தி வலை வெயிலிலும் இருக்கும். இந்த நோய் பசித்த புல்லைத்தான் பிடிக்கும். தாம்பரத்துக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே யூரியாதான் முதல் மருந்து. 100 சதுர அடிக்கு 50 முதல் 100 கிராம் வரை காய்ந்த புல்லில் சீராகத் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி தேவைப்படாது.

ஆபீஸ் விட்டு வந்து இரவில்தான் தண்ணீர் விட முடிகிறது. தப்பா?

தப்புதான். இலை ராத்திரி முழுக்க நனைந்திருந்தால் பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறில்லை. விடிகாலையில் விடுங்கள், முடியாவிட்டால் குழாயில் ஒரு டைமர் மாட்டுங்கள். தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு முறை ஆழமாக விடுவது நல்லது. மழை வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

வட்டமாக வெள்ளைக் குடைக்காளான் முளைக்கிறது. வீட்டில் நாயும் சின்னக் குழந்தையும் உண்டு. (மதுரை வாசகி)

முளைத்த அன்றே கையுறை போட்டுப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். நம் ஊர் லான்களில் வரும் ஒரு பெரிய வெள்ளைக் காளானுக்கு, முதிரும்போது தொப்பியின் அடிமடிப்பு பச்சையாகும். தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பார்க்க உண்ணும் காளான் போலவே இருப்பதால் யாரும் சமைக்க எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கடியில் பழைய மரவேரோ கட்டையோ மக்கிக்கொண்டிருக்கும். அதைத் தோண்டி எடுப்பதே தீர்வு, மருந்து இங்கே அதிகம் உதவாது.

புல்மேல் சாம்பல் நிறத்தில் கரி போலப் படிந்திருக்கிறது.

சளிப்பூஞ்சை. புல்லைத் தின்னாது. வெயில் வந்ததும் குழாயால் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

டிரைக்கோடெர்மா போட்டால் ரசாயனமே வேண்டாமா? (திருச்சி வாசகர்)

டிரைக்கோடெர்மா, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல உயிரி. வருமுன் காக்க நல்லது, வந்த நோயை வேகமாக நிறுத்தாது. மழைக்கு முன்பே, புரட்டாசியில், நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து நிழலில் ஈரமாகச் சில நாள் வைத்துத் தூவுங்கள். அதுவும் ஒரு பூஞ்சைதான் என்பதால் பூஞ்சைக்கொல்லியோடு கலக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் 15 நாளாவது இடைவெளி விடுங்கள். பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய சரக்கில் உயிர் இருக்காது.