பாஸ்டாவுக்கான தக்காளி சாஸை வீட்டிலேயே ஆரோக்கியமாகச் செய்வது எப்படி? நான் செய்தால் தொக்கு மாதிரியே வருகிறதே?

“தொக்கு மாதிரியே வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் பாஸ்டா கேட்டு அடம்பிடிக்கிற சின்னப்பிள்ளை ஒன்று இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், வேலைக்கும் போய்வருகிறீர்கள், பின்னேரத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க ஏலாது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் ஒருவர் அரைக் கப் கெச்சப் விடச் சொல்கிறார். இன்னொருவர் இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் போடச் சொல்கிறார். அவர்கள் வீட்டில் அது ருசியாகவே இருக்கும், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஆரோக்கியமான சாஸ், என் கணக்கில் அது சீனி, உப்பு குறைவான சாஸ். 100 கிராம் கெச்சப்பில் 20 கிராமுக்கு மேல் சீனி இருப்பது சாதாரணம். அதை ஊற்றிச் செய்வதற்குக் கடைச் சாஸே பரவாயில்லை. கடைப் போத்தல் வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் கூடவோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். தக்காளிக்கு அடுத்த இடத்தில் சீனி நின்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். 1999இலிருந்து இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிறேன். பாலாரோ சந்தைப் பக்கம் வந்தீர்களென்றால் மரக்கறிக் கடைகளுக்கு நடுவில் தமிழ் கேட்கும், எங்கட சனம் இங்கே கனபேர். வந்தவர்களில் அநேகம் பேர் செய்தது வீட்டு வேலையும் வயதானவர்களைப் பார்க்கிற வேலையும்தான். நானும் 2001இலிருந்து 13 வருடம் ஒரு சிஞ்ஞோரா (இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல்) வீட்டில் சமைத்து, அவரையும் பார்த்துக்கொண்டேன். முதல்நாள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் “குச்சீனா” என்று சமையலறையைக் காட்டினார். நாங்கள் குசினி என்போம். எனக்கு அப்போது வந்துகொண்டிருந்த அரைகுறை இத்தாலியனில் படிக்காமலே விளங்கிய சொல் அது. எங்களுக்கு அந்தச் சொல்லைத் தந்தவர்கள் போர்த்துக்கேயர் என்று பிறகுதான் தெரியும்.

முதல் கிழமையே (வாரமே) தக்காளி சாஸ் செய்யச் சொன்னார். தக்காளிதானே என்று நினைத்தேன். வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி மட்டும் போட்டு, அகப்பையை எடுக்காமல் கிண்டிக் கிண்டி, எண்ணெய் பிரிந்துவர இறக்கினேன். ஊரில் என்றால் அம்மா தலையைத் தடவியிருப்பா. சிஞ்ஞோரா ஒரு வாய் வைத்தார், முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அன்று பாணும் (நீங்கள் பிரெட் என்பது) சீஸும் சாப்பிட்டார். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

அடுத்தநாள் காலமை குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, ஊன்றுகோலால் காட்டிக் காட்டிச் செய்வித்தார். இரண்டு பல்லு உள்ளி (நீங்கள் பூண்டு என்பது), நசுக்கினால் போதும். எண்ணெய் சூடாகுமுன்பே உள்ளியைப் போடவேண்டும். மெல்லிய நெருப்பு. உள்ளி வெளிர் பொன்னிறம் ஆனதும் எடுத்து எறிந்துவிட்டுத் தக்காளியைக் கொட்டவேண்டும். கொட்டிய கையோடு என் கை அகப்பைக்குப் போனது. “லாஷ்ஷாலோ ஸ்தாரெ” என்றார். அதை அதன்பாட்டில் விடு என்று அர்த்தம். அந்த 25 நிமிடத்தில் நாலைந்து தடவை சொல்லியிருப்பார்.

உங்கள் சாஸ் தொக்காவதும் இதனால்தான். நாங்கள் தக்காளியை வதக்கப் பழகியவர்கள். தண்ணீர் முழுக்கப் போய் எண்ணெய் பிரிந்தால்தான் எங்களுக்கு அது வெந்த கணக்கு, அப்படிச் செய்தால்தான் தொக்கு நாள்பட நிற்கவும் செய்யும். பாஸ்டா சாஸுக்கு அந்த இடம் வருமுன்பே இறக்கவேண்டும். எண்ணெயும் தக்காளிச் சாறும் பிரியாமல் ஒன்றாகக் கிடக்கவேண்டும். அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் தண்ணீர் இன்னும் கூட. மெதுவாக மூடினால் பதம். மூடாமல் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் தொக்கு.

தக்காளியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கச்சி திருச்சியில் இருக்கிறா, அவவுக்கு வீடியோவில் சொல்லிச் சொல்லிச் செய்வித்ததால் உங்கள் பக்கத்துத் தக்காளி கொஞ்சம் தெரியும். நாட்டுத் தக்காளியில் ருசியும் புளிப்பும் சாறும் கூட. பெங்களூர்த் தக்காளியில் சதை கூட, ருசி மட்டம். ஒரு கிலோவுக்குப் பாதிப் பாதி எடுங்கள், நாலு பேருக்குக் காணும். நன்றாகப் பழுத்து, அமத்தினால் மெத்தென்று இருக்கவேண்டும். காயாகக் கிடந்தால் வாங்கி வந்து இரண்டு நாள் வெளியில் வையுங்கள், ஃபிரிட்ஜுக்குள் வேண்டாம். பாதியாக வெட்டி, வெட்டின பக்கத்தைக் கரட் துருவியில் துருவினால் சதை கீழே விழும், தோல் கையில் நிற்கும். ஐந்து நிமிட வேலை. மிக்ஸியில் அடிக்காதீர்கள். காற்றும் சேர்ந்து அடிபட்டு நிறம் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். நாட்டுத் தக்காளி தண்ணீராக இருந்தால் ஒரு வடிகட்டியில் பத்து நிமிடம் விட்டு, வடிந்த சாறை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலமான எவர்சில்வர் சட்டி, மூடி போடாமல். அலுமினியச் சட்டியும் இரும்புத் தாச்சியும் வேண்டாம், தக்காளிப் புளிப்பு அவற்றோடு சேர்ந்து உலோக வாசம் அடிக்கும். எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. ஒலிவ் எண்ணெய் என்றால் நல்லது, அங்கே விலை என்று தெரியும், இல்லாவிட்டால் கடலையெண்ணெயோ சூரியகாந்தியோ போதும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தங்கள் வாசத்தால் தக்காளியை அமுக்கிவிடும். ஆரோக்கியம் என்று எண்ணெயை ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம். தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கிற லைகோபீன் எண்ணெயோடு சேர்ந்து வெந்தால்தான் உடம்பில் வடிவாகச் சேரும்.

புளிப்புக் கூடினால் எல்லோரும் சீனி போடச் சொல்வார்கள். நான் ஒரு சின்னக் கரட்டைத் துருவி உள்ளியோடு சேர்த்து வதக்குவேன். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. சிட்டிகைதான், கூடினால் சவர்க்கார ருசி வந்துவிடும்.

இத்தாலிச் சாஸில் போடுகிற பேசில் இலைக்கு அலைய வேண்டாம். சப்ஜா விதை தருகிற திருநீற்றுப்பச்சையும் இவர்களுடைய பசிலிக்கோவும் ஒரே இனம்தான், வாசம் மட்டும் கொஞ்சம் மாறும். தங்கச்சி வீட்டுச் சாடியிலிருந்து நாலு இலை கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு போடுவா. துளசி வேறு, அதைப் போட்டால் கசாயம் போல மணக்கும்.

“தாளிக்காமல், மசாலா இல்லாமல் நம் நாக்குக்கு ஏறாது” என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். உங்கள் நாக்குக்கு நான் காவல் இல்லை. ஆனால் தக்காளி இத்தாலிக்காரருக்கும் சொந்தமில்லை, 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயின்காரர் வழியாக இங்கே வந்தது. எங்களுக்கு மிளகாயும் அதே நூற்றாண்டில் அதே கண்டத்திலிருந்துதான் போர்த்துக்கேயர் கையால் வந்தது. இரண்டையும் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒரு செத்தல் மிளகாயை (காய்ந்த மிளகாய்) உள்ளியோடு போட்டெடுங்கள், இங்கேயும் போடுவார்கள். பிள்ளைக்குக் கொடுக்கிறபோது தக்காளியின் ருசியை ஒரு தடவை தனியாகக் காட்டிவிட்டுப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உப்புக்கு வருகிறேன். சிஞ்ஞோராவுக்கு இரத்த அழுத்தம் கூடி உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. நான் பார்த்தால், பாஸ்டா அவிக்கிற தண்ணீரில் உப்பு, சாஸில் உப்பு, மேலே தூவுகிற சீஸில் உப்பு. மூன்று இடம்! தண்ணீருக்கு லீற்றருக்கு 10 கிராம் போடுவது இங்கத்தைய வழக்கம், நான் பாதியாக்கினேன். சாஸுக்கு உப்பே போடவில்லை. சீஸை நிறுத்தினேன். ஒரு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு பலெர்மோ ஏழைச் சனம் சீஸுக்குப் பதிலாகத் தூவுகிற முத்தீக்காவை அவரே ஞாபகப்படுத்தினார். காய்ந்த பாணை உதிர்த்து, ஒரு கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வறுப்பது. மொறுமொறுவென்று இருந்தது. கடைசிவரை அதைத்தான் தூவினேன். உங்கள் பிள்ளைக்கும் செய்துபாருங்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் லண்டனில் ஒரு கலியாணவீட்டில், சொந்தக்காரர் ஒருவர் என்னை “இவ இத்தாலியில கிழடுகளுக்குச் சமைக்கிறவ” என்று அறிமுகப்படுத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய தம்பியின் படிப்புக்கு நான் அனுப்பின காசு அந்தக் குசினியில் உழைத்ததுதான். இங்கே வந்த புதிதில் வேறொரு வீட்டில் இரண்டு வருடம் பதிவில்லாமல் வேலை வாங்கினார்கள், அந்த இரண்டு வருடமும் இன்றைக்கு என் ஓய்வூதியக் கணக்கில் இல்லை. அதையெல்லாம் விட அந்தச் சிரிப்புத்தான் இன்னும் உள்ளே நிற்கிறது. 13 வருடம் பக்கத்தில் இருந்து படித்த ஒன்றைப் படிப்பில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம். ஓகஸ்டில் கூடை கூடையாகத் தக்காளி இறக்கி, அவித்துப் பிழிந்து போத்தலில் அடைத்து, போத்தல் உடையாமல் பழந்துணி சுற்றி, பீப்பாய்த் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறுகிறவரை திறக்காமல் காத்திருக்கிற வேலை. அந்தக் குடும்பத்தில் நாலு மருமக்கள் இருந்தார்கள். அதில் பீப்பாய் நெருப்பை சிஞ்ஞோரா என்னை நம்பித்தான் விட்டார்.

அந்தப் போத்தல் வேலையை நீங்கள் செய்யவேண்டாம், பகிடிக்குச் சொல்லவில்லை. தக்காளியின் புளிப்பு மட்டாக இருந்து போத்தலும் சரியாகக் கொதிக்காவிட்டால், காற்றில்லாத இடத்தில் போட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தருகிற நஞ்சு உண்டாகலாம். பார்வைக்கும் மணத்துக்கும் பிடிபடாமலே இருக்கக்கூடும். சாஸை ஆறவிட்டு, பிள்ளை ஒரு நேரம் சாப்பிடுகிற அளவில் சின்னப் பெட்டிகளில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மூன்று மாதம் தாராளமாக நிற்கும். ஃபிரிட்ஜில் என்றால் மூன்று நாள். பிள்ளைக்கு நெஞ்செரிவோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் டொக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள், நான் சமைக்கிற ஆள், வைத்தியம் தெரியாது.

பாஸ்டாவை வடிக்கும்போது அந்தத் தண்ணீரில் அரைப் பேணி (டம்ளர்) எடுத்து வைக்க மறக்கவேண்டாம். பாஸ்டாவைச் சாஸ் சட்டிக்குள்ளேயே போட்டு, அதிலிருந்து இரண்டு கரண்டி விட்டு ஒரு நிமிடம் பிரட்டினால் மாச்சத்து சாஸைப் பிடித்துக்கொள்ளும். செய்துபார்த்துவிட்டு, எந்தத் தக்காளி, எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். திரும்பவும் தொக்காக வந்திருந்தால் எந்த இடத்தில் பிசகினது என்று பார்த்துச் சொல்கிறேன்.