மக்கள் நடமாட்டம் மிகுந்த பூங்காவில் புல்தரை கட்டாந்தரையாகிவிடாமல் காப்பது எப்படி?

சென்னைப் புறநகரில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் பராமரிக்கும் சிறு பூங்காவில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதல் ஆண்டில் "புல்லின் மீது நடக்காதீர்" என்று பலகை நட்டோம். நர்சரியிலிருந்து கொரியன் புல்லைப் பாளம் பாளமாக வாங்கி, வழுக்கை விழுந்த இடங்களில் பதித்தோம். மூன்று மாதத்தில் பலகை மட்டுமே மிஞ்சியது.

அந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டபோது, அது சாலையில் பட்டதுபோல எகிறியது. காலடி பட்டு இலை கசங்கினால் சில நாட்களில் தேறிவிடும். ஆனால் மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகி, அதன் இடுக்குகளில் இருந்த காற்று வெளியேறி, பெய்யும் மழையும் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்போது, வேருக்கு மூச்சுவிட வழியில்லாமல் போகிறது. அதன் மேல் எந்தப் புல்லைப் பதித்தாலும் பணம்தான் வீண். எனவே கவை போன்ற முள்கருவியால் மூன்று, நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து மேலே மெல்லியதாகத் தூவினோம். கொரியன் புல் பார்க்க அழகு, ஆனால் காயம் ஆற வெகுகாலம் பிடிக்கும். நம் அருகம்புல்லோ தரைக்கு மேலும் கீழும் கொடியோடி, வெறும் இடத்தை விரைவில் மூடிவிடும். அதையும் ஒட்ட வெட்டாமல் ஒன்றரை அங்குலமாவது விட வேண்டும்.

வாசலிலிருந்து எதிர்ப்புறத்துப் பால் பூத்துக்குக் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அதை மறைக்க வேலி போட்டுத் தோற்றபின், அதன் மேலேயே கற்களைப் பதித்துவிட்டோம். பால் வாங்கப் போகிறவர் சுற்றிப் போகமாட்டார், நானே போகமாட்டேன்.

ஈரமண் எளிதில் இறுகும் என்பதால், மழை நாட்களில் யாரும் நடக்காதபடி புல்தரையை மூடிவைப்பது மிக முக்கியம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 15 ஏக்கர் பரப்புள்ள ஷீப் மெடோ என்ற புல்வெளி, 1970களில் பெருங்கூட்டங்களால் புழுதிக்காடாகி, 1980 வாக்கில் புதுப்பிக்கப்பட்டது. இன்று அங்கே தரை ஈரமாக இருந்தால் திறப்பதில்லை, மூடிய புல்வெளிகளில் சிவப்புக் கொடி வைக்கிறார்கள். நாங்கள் கயிறுதான் கட்டுகிறோம். மற்ற நாட்களிலும் பாதியைத் திறந்து பாதிக்கு ஓய்வு கொடுத்து, மாதந்தோறும் மாற்றுகிறோம்.

மரநிழலில் மட்டும் அருகு பிழைக்காது. எங்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் புல்லைக் கைவிட்டு, உதிர்ந்த சருகையே பரப்பி, இரண்டு சிமெண்ட் பெஞ்சுகளைப் போட்டிருக்கிறோம்.