சேலைக்கு அடியில் ஒரு செபமாலை

அன்புள்ள ஐயாவுக்கு,

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது 44. கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். மகள் பிளஸ் டூ. மாமியும் எங்களோடுதான்.

வீட்டில் தினமும் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான்தான் பாய் விரிக்கிறேன், வேதபுத்தகம் எடுத்து வைக்கிறேன். வேறு ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. கணவர் உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு என்று ஆராதனைக்குப் பாதியில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார். "ஆண்டவரே, இந்த வீட்டிலிருக்கிற சோம்பலை எடுத்துப்போடும், பிள்ளையின் கீழ்ப்படியாமையை மாற்றும்" என்று ஜெபித்தேன். மகள் நடுவிலே எழுந்து போய்விட்டாள். நான் கேட்டதில் என்ன தப்பு?

கொழுந்தன் பெண்டாட்டி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் செயலாளர் ஆனபிறகு, போன மாதம் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, காய் வெட்ட என்னைக் கூப்பிடவே இல்லை. பதினெட்டு வருடமாக வெட்டியவள் நான். அவளுக்கு ஒழுங்காகத் தேங்காய் துருவத் தெரியாது.

மறுபடியும் சொல்கிறேன், கணவர் தூங்குவதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டுப் பெண், ஊர் முளகுமூடு. கல்யாணத்துக்காகக் கணவரின் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) சபைக்கு வந்தேன். வந்தவளுக்கு இருக்கிற பக்தி பிறந்தவருக்கு இல்லை. பிப்ரவரியில் என் அம்மா இறந்துபோனார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்காக நாற்பது நாள் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாட்டோடு உபவாசம், இருந்து ஜெபித்தேன். அவர்களுடைய செபமாலை பீரோவில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் கிடக்கிறது, கணவர் ரப்பர் ஷீட் விற்ற பணம் வைக்கிற அதே தட்டில். அம்மா போனபிறகு ஜெபத்தில் கண்ணை மூடினால் எனக்கு ஒன்றும் வருவதில்லை, வாய்தான் பேசுகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அது போகட்டும். அசன விஷயத்தை எங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லலாமா? கணவரை எப்படித் திருத்துவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அசனத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களைக் கூப்பிடாதது தவறுதான். ஐயர் வரைக்கும் போக வேண்டாம். அடுத்த முறை கத்தியோடு போய் உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

கணவர் விஷயத்தில் நான் அவர் பக்கம். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நீங்கள் எழுதவேயில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். பிறகு மரம் மரமாகப் போய்ச் சிரட்டையில் வடிந்ததை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடிக்க வேண்டும். அந்த உடம்போடு ஏழரைக்குப் பாயில் வந்து உட்காருகிறாரே! நீங்கள் கேட்டது ஜெபம் இல்லை அம்மா. கணவருக்கான ஏச்சை ஆண்டவர் முகவரி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். மகளுக்கு அது புரிந்துவிட்டது.

"அது போகட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

நாற்பது நாள் ஒருசந்தி இருந்தீர்கள். அம்மா போய்விட்டார்கள். அதற்காக ஒரு வார்த்தை கோபம்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. கணவர் தூங்குகிறார் என்று மட்டும் இரண்டு முறை வருகிறது. நீங்கள் கூப்பிட்டபோது தூங்கிவிட்டதாக நினைப்பது அவரைத்தானா? 44-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று நேருக்கு நேராகவே கேட்கிறது. வேதத்துக்குள் இருக்கிற கேள்வி அது. அதைக் கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று பயந்து, பாயில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் அம்மா தலைமுறை செபமாலையில் மாதாவை "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றே வாழ்த்திப் பழகியது. ஐம்பத்து மூன்று மணிகளை விரலால் உருட்டிச் சொல்லும் அந்தச் செபத்தில் நாம் வார்த்தை தேட வேண்டியதில்லை. விரல் நகர்ந்தால் போதும், வார்த்தை நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். புகுந்த வீட்டு ஜெபத்தில் வார்த்தையை நாமே உண்டாக்க வேண்டும். துக்கத்தில் முதலில் வற்றுவது அதுதான். இத்தனை வருடமாக, நீங்கள் விட்டுவந்த பாஷையில் முளகுமூட்டில் ஒருத்தி உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றுவிட்டது. உங்களுக்குப் பக்தி குறையவில்லை, அம்மா இல்லை. அவ்வளவுதான்.

செபமாலை சொல்லலாமா என்பது உபதேசக் கேள்வி, அதை ஐயரிடம் கேளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு அழுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். டிசம்பர் 3 அன்று நாகர்கோவில் கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாவுக்கு மாவட்டமே விடுமுறை விடுகிறது, ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா என்று கேட்டா கூட்டத்தை உள்ளே விடுகிறார்கள்? அந்த இரண்டு மணி முழிப்பு நீடித்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

குடும்ப ஜெபத்தைக் கொஞ்ச நாள் மகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். கணவரை எழுப்பாதீர்கள். செபமாலை கிடக்கிற தட்டில்தான் அவர் பணம் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை மாதமாக அது அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பார்த்தும் அதை நகர்த்தாமல், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஒருநாள் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.